நிரூபிக்கும் பாரம்: இலங்கையின் அரசுருவாக்கமும் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையும்

மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1948ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் பல இலட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. இக்கூற்றிற் பிழையில்லை. ஆயின், கதையை இவ்வாறு தொடங்குமிடத்து, அச்சட்டம் ஒரு சில அரசியல்வாதிகளின் இனத்துவேஷத்தினால் இரவோடிரவாகப் பிறந்தது என்னும் எண்ணம் வாசகர் மனத்தில் எழுந்துவிடுகின்றது. துவேஷம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், துவேஷம் மட்டும் ஒரு சட்டத்தை வரைந்துவிடாது. அதற்கு வேண்டிய சொற்களும், பகுப்புகளும், எல்லைகளும், நிரூபண முறைகளும் ஏற்கனவே அரசின் கையில் இருத்தல் வேண்டும். அவை எங்கிருந்து வந்தன என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

அரசுருவாக்கம், குடியேற்றவாதம், சுதந்திரத்தின் பின்னரான குடியுரிமை என்னும் மூன்றும் வரலாற்று மாணவருக்கு ஒரே பாடநெறியின் மூன்று பகுதிகளாகக் கற்பிக்கப்படுவதுண்டு. பரீட்சையை மனத்திற்கொண்டு படிக்கும் நாம் அவற்றை மூன்று தனித்தனி வினாக்களாகவே ஆயத்தஞ் செய்துகொள்கிறோம். மன்னர் காலத்து அரசு ஒன்று. பிரித்தானிய நிர்வாகம் இன்னொன்று. சோல்பரி யாப்பும் அதற்குப் பின்வந்தனவும் மற்றொன்று. மலையக மக்களின் வரலாற்றை நோக்கும்போது இப்பிரிவினை நிலைத்து நிற்பதில்லை. 1840இல் கண்டிக் குடியானவனிடமிருந்து காணியைப் பெற்றுக்கொள்ள அரசு கையாண்ட உபாயமும், 1948இல் தோட்டத் தொழிலாளியிடமிருந்து பிரஜாவுரிமையைப் பறிக்க அரசு கையாண்ட உபாயமும் அடிப்படையில் ஒன்றே. நிரூபிக்கும் பாரத்தைப் பலவீனன் தலையில் ஏற்றுவதே அவ்வுபாயம்.

குடியேற்ற ஆட்சிக்கு முற்பட்ட அரசில் ஒருவன் எவ்வாறு அரசனின் குடியாகக் கருதப்பட்டான்? நிலத்தாலும் ஊழியத்தாலும் என்பதே சுருக்கமான விடை. கண்டி இராச்சியத்தில் ஒருவன் அனுபவித்த காணி அவன் ஆற்றவேண்டிய இராஜகாரியத்தைத் தீர்மானித்தது. இராஜகாரியம் அவனுடைய இடத்தைத் தீர்மானித்தது. அது சமத்துவமான அமைப்பன்று. சாதியும் கட்டாய ஊழியமும் அதன் தூண்களாய் இருந்தன. அதனைப் பொற்காலமென்று போற்றவேண்டிய தேவை நமக்கில்லை. ஆயினும், கடல் கடந்து வந்தோரை உள்வாங்கும் வழி அவ்வமைப்பில் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளாக வந்துசேர்ந்த கராவ, சலாகம, துராவ முதலிய பிரிவினர் ஊழியத்தின் மூலமும் நிலத்தின் மூலமும் சிங்கள சமூகத்தின் உறுப்புகளாயினர். அரியணைக்கும் இது பொருந்தும். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் நாயக்க மரபினர். அவர்களுள் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் தென்னிந்தியாவிற் பிறந்தவன். அவன் தந்தையும் அங்குப் பிறந்தவரே. 1753இல் சீயத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து, வழக்கொழிந்திருந்த உபசம்பதாவை இந்நாட்டில் மீண்டும் நிலைநிறுத்தச் செய்தவன் அம்மன்னனே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவை அவனுக்குப் பிரயோகித்தால், வம்சாவளிப் பிரஜையாவதற்கு அவன் தகுதியற்றவனாவான். இதனை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. புராதன நாட்டின் உரிமையைக் காப்பதற்கென்று வாதிட்டு நிறைவேற்றப்பட்ட அச்சட்டம், புராதன அரசு அறியாததோர் அளவுகோலைக் கையாண்டது என்பதைச் சுட்டுவதற்கே சொல்லப்படுகின்றது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. கோல்புறூக்–கமரன் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டு ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நவீன இலங்கை அரசின் பிறப்பாண்டு என 1833ஐக் கூறுவது வழக்கம். அது பொருத்தமானதே. ஆனால், இணைக்கப்பட்டது முதலில் நிலப்பரப்பு. மக்கள் இணைக்கப்பட்டனர் என்று சொல்ல முடியாது. இராஜகாரியம் ஒழிந்தமையால் நிலத்துக்கும் ஊழியத்துக்கும் இடையிலிருந்த பழைய பிணைப்பு அறுந்தது. அதனிடத்தில் வேறொரு பிணைப்பை அரசு உருவாக்கவில்லை. நிலம் சந்தைக்கு வந்தது. உழைப்பும் சந்தைக்கு வரும் என எதிர்பார்க்கப்பட்டது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் இங்கே முக்கியம் பெறுகின்றது. காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகியன யாவும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்கு உரியன என்று அச்சட்டம் அனுமானித்தது. கண்டிப் பிரதேசத்திற் சேனை நிலத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எழுத்துறுதி வைத்திருந்த குடியானவர் எத்தனை பேர்? தலைமுறை தலைமுறையாக ஆண்டு அனுபவித்த வழக்கமே அவர்களுக்கு உறுதி. அரசு கேட்டதோ பத்திரம். பத்திரம் இல்லாதவனுடைய நிலம் முடியின் நிலமாயிற்று. முடியின் நிலம் அற்ப விலைக்குக் கோப்பித் துரைமாரின் நிலமாயிற்று. வாங்கியவர் பட்டியலில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். சட்டத்தை ஆக்கியவரும், அதனை நடைமுறைப்படுத்தியவரும், அதனாற் பயனடைந்தவரும் பல சந்தர்ப்பங்களில் ஒரே வட்டத்தினராய் இருந்தமை கவனிக்கத்தக்கது.

நிலம் கிடைத்த தோட்டக்காரருக்கு ஆள் தேவைப்பட்டது. கண்டிக் குடியானவன் தன் வயலை விட்டுத் தோட்டத்திற் கூலிக்கு நிரந்தரமாக நிற்க விரும்பவில்லை. எனவே 1820களில் தொடங்கி, கோப்பி பெருகிய 1830களிலும் 1840களிலும் பெருமளவில், தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களை அங்கிருந்து தள்ளின. கங்காணியின் முன்பணம் இங்கே இழுத்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் வழியிலேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் ஆட்கள் வந்து போனாற் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். குடும்பமாகத் தங்கும் தொழிலாளர் வேண்டும். பெண்களின் கைகள் சிறப்பாக வேண்டும். இப்பொருளாதார உண்மையைப் பின்னர் நாம் நினைவிற்கொள்ள வேண்டியிருக்கும். வந்துபோகும் கூட்டம் என்று அம்மக்களை இகழ்ந்தவர்கள், தேயிலை வந்த பின்னரும் கோப்பிக் காலத்துச் சொற்களையே பேசினர்.

தொழிலாளியைத் தோட்டத்துடன் பிணைத்தவை சில கடதாசிகள். ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமாயின், அவன் கடனைத் தீர்க்கப் புதிய துரை உடன்படுவதற்கு ஆதாரமாகத் துண்டு வேண்டும். துண்டின்றிப் போனால் அவன் ஓடிப்போனவன். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒப்பந்தத்தை மீறிச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1921இலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. சாதாரண வாழ்க்கையில் ஒரு கடனாளிக்கும் அவனுக்குக் கடன் கொடுத்தவனுக்கும் இடையே இருக்கவேண்டிய விவகாரம், தோட்டத்தில் நீதவானுக்கும் சிறைச்சாலைக்கும் உரிய விவகாரமாயிற்று. அரசு தோட்டத்திலிருந்து தூர நின்றது என்று சிலர் எழுதுவர். தண்டிக்க வேண்டிய இடத்தில் அரசு மிக அருகிலேயே நின்றது.

பேணவேண்டிய இடத்திலேயே அது தூர நின்றது. இதற்கு 1889ஆம் ஆண்டுக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டத்தை உதாரணமாகக் காட்டலாம். கிராமச் சங்கங்கள் கிராமத்துப் பாதை, கிணறு, நீர்ப்பாசனம் முதலியவற்றைக் கவனித்தன. தோட்டத் தொழிலாளர் இச்சங்கங்களின் வட்டத்துக்குப் புறம்பாகவே விடப்பட்டனர். தோட்டத்தின் எல்லைக் கல்லுக்கு உள்ளே துரையே அரசு. வெளியே கிராமமே சமூகம். 1937இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, இனத்தைச் சுட்டும் சொற்கள் நீங்கின. தோட்ட லயங்களில் வசிப்போர் என்னும் அடையாளம் அவற்றின் வேலையைச் செய்தது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே ஓர் இனத்தை ஒதுக்கும் கலையில் நம் சட்டவாக்குநர் 1948க்கு முன்னரே தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பதற்கு இது சான்று. லயத்திற் பிறந்த குழந்தை கிராமத்தின் எந்த ஏட்டிலும் ஊரவன் ஆகவில்லை. அதன் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டும், கைக்காசு பெறும் வயதில், இடம்பெற்றது.

இதனோடு குடிசன மதிப்பையும் சேர்த்து நோக்கவேண்டும். 1871இல் தொடங்கிய மதிப்புகளில் தமிழர் ஒரே பிரிவாகவே கணக்கிடப்பட்டு வந்தனர். 1911இலே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் இரு பிரிவுகள் தோன்றின. ஒரு நிர்வாக வசதிக்காகச் செய்யப்பட்ட பிரிப்பு என்று இதனைக் கூறிவிடலாம். ஆனால், எண்ணும் முறை எண்ணப்படுவோரையும் மாற்றிவிடுகின்றது. இலங்கையிற் பிறந்து, இலங்கையில் மணந்து, இலங்கையில் இறந்தவரின் பிள்ளையும் அட்டவணையில் இந்தியத் தமிழனாகவே தொடர்ந்தான். எத்தனை தலைமுறை கழிந்தால் அவன் அடுத்த நிரலுக்கு மாறலாம் என்று அட்டவணை சொல்லவில்லை.

டொனமூர் ஆணைக்குழு 1927இல் இங்கு வந்து சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது, இதுவரை மறைந்திருந்த வினா வெளிப்பட்டது. படித்தவர்க்கும் சொத்துடையார்க்கும் மட்டும் வாக்கு இருந்த காலத்தில் லயத்து மக்கள் யார் என்பது எவரையும் உறுத்தவில்லை. எல்லார்க்கும் வாக்கு என்றதும் அது உறுத்தியது. சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தவர்களுள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர் என்பதைத் தமிழ் வாசகராகிய நாம் மறத்தலாகாது. சிங்களத் தலைவர்களின் எதிர்ப்பு, குறிப்பாகக் கண்டிப் பகுதியினரின் அச்சம், இந்தியத் தொழிலாளரின் வாக்கைச் சுற்றியே அமைந்தது. அதன் விளைவாக 1931ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகள், இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர்க்கே பொதுவான வாக்குரிமை என்றன. ஏனையோர் கல்வியோ சொத்தோ காட்டவேண்டும். அல்லது ஐந்தாண்டு வதிவின் பின் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறவேண்டும். அச்சான்றிதழைப் பெறுவோன் வேற்றரசின் விசேட பாதுகாப்பைக் கைவிடுவதாகக் கூறவேண்டும். தன் லயத்துக் கூரையையே தன்னதென்று சொல்லமுடியாத ஒருவன், நான் இங்கேயே இருக்க எண்ணுகிறேன் என்பதை எதனைக்கொண்டு நிரூபிப்பான்? எண்ணத்துக்குப் பத்திரம் கேட்கும் முறை இங்கேதான் தொடங்குகின்றது.

இவ்வளவு தடைகளையும் கடந்து 1931இல் ஏறக்குறைய 1,00,000 இந்தியத் தமிழர் வாக்காளராயினர். 1939இல் அத்தொகை 2,25,000 அளவுக்கு உயர்ந்தது. பின்னர் வதிவிடத்துக்கு இறுக்கமான நிரூபணம் கோரப்பட்டதும் 1943இல் 1,68,000 அளவுக்கு வீழ்ந்தது. நான்கு ஆண்டுகளில் அரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் வாழும் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று எவரும் நம்பமாட்டார்கள். மாறியது மக்களின் எண்ணமன்று, எழுதுவினைஞரின் பேனை.

அதே ஆண்டுகளில் வேறு சில நிகழ்ச்சிகளும் நடந்தன. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் துண்டுப் பிரசுரங்களாலும் பாட்டாலும் தோட்டத்துக்குள் அரசியலைக் கொண்டுசென்றனர். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர் நீக்கப்பட்டனர். இதற்குப் பதிலாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. ஜவகர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார். ஆட்சேர்ப்பு நின்றுபோனமையால் புதியவர் வரவு அற்றது. இங்கிருந்தோர் மேலும் நிரந்தரமாயினர். வந்துபோகும் கூட்டம் என்னும் வாதம் உண்மையிலிருந்து மிகவும் விலகிய காலத்திலேயே மிகவும் உரத்து ஒலித்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. சௌ. தொண்டமான் நுவரெலியாவிலும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் தெரிவாயினர். அதனினும் ஆளும் வர்க்கத்தை அதிரவைத்தது இடதுசாரிகளின் வெற்றி. சமசமாஜக் கட்சி 10, போல்ஷவிக் லெனினியக் கட்சி 5, கம்யூனிஸ்டுக் கட்சி 3 ஆக 18 ஆசனங்களை அவர்கள் பெற்றனர். தெரிவுசெய்யப்பட்ட 95 உறுப்பினருள் ஐக்கிய தேசியக் கட்சியினர் 42 பேர் மட்டுமே. காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளிலும் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்கு உதவியது. எனவே, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை இனப்பகையின் விளைவாக மட்டும் காண்போர் பாதியையே காண்கின்றனர். வர்க்க நலனின் விளைவாக மட்டும் காண்போரும் மறுபாதியையே காண்கின்றனர். சுரண்டப்பட்டவன் அனைவரும் தொழிலாளியே என்றால், கிராமத்துச் சிங்களத் தொழிலாளியின் வாக்கு ஏன் பறிக்கப்படவில்லை என்னும் வினாவுக்கு விடையில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்பிடத்தை அடிப்படையாகக் கொள்ளவில்லை, வம்சாவளியையே கொண்டது. குறித்த தினத்துக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவராயின், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவராயின், பிரஜையாவார். குறித்த தினத்தின் பின் பிறந்தவர்க்குத் தந்தை பிரஜையாக இருத்தல் வேண்டும். மேலோட்டமாகப் பார்க்குமிடத்து இது எவ்வினத்தையும் சுட்டவில்லை. ஆயின், ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். 1920இல் ஒரு தோட்டத்திற் பிறந்த ஒருவர் 1948இல் 28 வயதினர். அவர் தந்தை 1895 அளவிற் பிறந்திருப்பார். இலங்கையிற் பிறப்புப் பதிவு 1867இலே தொடங்கி, 1897இலே கட்டாயமாக்கப்பட்டது. எனவே தந்தைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கவேண்டிய கட்டாயமே அன்று இல்லை. பாட்டன் 1870 அளவிலும் பூட்டன் 1845 அளவிலும் பிறந்திருப்பர். பூட்டனின் காலத்தில் அப்பதிவு முறையே நடைமுறையில் இல்லை. அரசு கொடுக்காத பத்திரத்தை அரசே கேட்டது. மறுதலை நிரூபிக்கப்படும் வரை காணி முடிக்குரியது என்ற 1840ஆம் ஆண்டின் குரலை இங்கு மீண்டும் கேட்கிறோம். அன்று கேட்கப்பட்டது காணியுறுதி. இன்று கேட்கப்பட்டது தந்தையின் பிறப்பு.

கண்டிக் கிராமத்தில் வாழ்ந்த சிங்களக் குடியானவனிடமும், வலிகாமத்திலோ மட்டக்களப்பிலோ வாழ்ந்த தமிழ்க் குடியானவனிடமும் பூட்டனின் பத்திரம் இருக்கவில்லை. அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவுமில்லை. கிராமத்தில் இருந்தமையே அவர்களுக்குப் போதிய சான்றாயிற்று. யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்காது விடுவது என்பதை உத்தியோகத்தர் எப்படி அறிந்தார்? முகவரியைக் கொண்டு அறிந்தார். 1889இல் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே இடப்பட்ட கோடு அவருக்கு வழிகாட்டியது. சட்டத்தின் வாசகத்தை மட்டும் படிப்போர்க்கு இவ்வுண்மை புலப்படாது.

தாயின் பிறப்பு இச்சட்டத்திற் பெரும்பாலும் கணக்கிற் கொள்ளப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தேயிலைப் பொருளாதாரம் நின்றது பெண் தொழிலாளியின் விரல்களில். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பகுதியைக் கூடையிற் சுமந்தவள் அவள். ஆனால், விவாகத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்கு மட்டுமே அவள் வழியிற் பிரஜாவுரிமை சென்றது. தாய்வழி வம்சாவளி ஏற்கப்பட 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. இக்குறை எல்லாச் சமூகப் பெண்களையும் பாதித்ததாயினும், இதுபற்றி நம் கட்டுரையாளர் அதிகம் எழுதியதில்லை.

1949இல் இரு சட்டங்கள் தொடர்ந்தன. 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமாகாதவர்க்கு 10 ஆண்டும் மணமானவர்க்கு 7 ஆண்டும் 1946 ஜனவரிக்கு முன் தொடர்ச்சியான வதிவைக் கோரியது. விண்ணப்பிக்க 2 ஆண்டு அவகாசம் கொடுத்தது. 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. முதலிற் பகிஷ்கரித்த காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்குமாறு மக்களைக் கேட்டது. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்களில் 8,24,000க்கு மேற்பட்டோர் பிரஜாவுரிமை கோரினர். முடிவிற் பெற்றவர் 1,34,000 அளவினர். தாயின் ஈமக்கிரியைக்கோ தங்கையின் திருமணத்துக்கோ ஊருக்குப் போய்வந்தவனின் வதிவு, தொடர்ச்சியற்றதாகக் கொள்ளப்படக்கூடிய நிலை இருந்தது. வந்துபோகும் கூட்டம் என்ற பழைய சொல் இப்போது சட்டத்தின் அளவுகோலாகிவிட்டது.

தமிழ்த் தலைமையின் நிலையையும் மறைத்தல் நேர்மையன்று. முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவ்வாண்டிலேயே அமைச்சரானார். அடுத்து வந்த சட்டத்துக்கு ஆதரவளித்தார். சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து சென்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இடதுசாரிகள் சட்டங்களை எதிர்த்து நின்றனர். அவர்களுக்குரிய பெருமையை அவர்களுக்குக் கொடுத்தல் வேண்டும்.

நீதிமன்றம் என்ன சொல்லிற்று? கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த கோடகன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கப் பதிவுசெய்யும் உத்தியோகத்தர் மறுத்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தினருக்கு மட்டும் இயலாமையை விதிக்கும் சட்டத்தை ஆக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றிருந்தது. முறையீட்டை விசாரித்த அதிகாரி, அப்பிரிவின் அடிப்படையில் இச்சட்டங்கள் செல்லுபடியாகா என்று தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. இவை பிரஜாவுரிமை பற்றிய சட்டங்களே என்றும், வந்துபோகும் இயல்பு ஒருவரின் பிரஜைத் தகுதியைத் தீர்மானிப்பதில் கவனிக்கத்தக்கதே என்றும் அது கருதியது. அவ்வியல்பை உருவாக்கியது கப்பலும் கங்காணியும் துண்டும்; அவற்றை அனுமதித்தது லண்டன் ஆட்சி. அவ்வாட்சியின் அதியுயர் நீதிபீடமே அவ்வியல்பைத் தொழிலாளியின் குணமாக எழுதிவைத்தது.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்நிலையின் பயனைக் கண்ணாரக் காணலாம். 1946இல் தொகுதிகளை வகுத்தபோது மாகாணங்களில் வசித்த அனைவரும் எண்ணப்பட்டனர். அத்தொகுதிகளிலேயே 1952ஆம் ஆண்டுத் தேர்தலும் நடந்தது. தலைகள் எண்ணப்பட்டிருந்தன, பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. தோட்டத்து மக்களின் தொகையாற் கிடைத்த ஆசனங்களை வேறு மக்களின் வாக்குகள் நிரப்பின. காங்கிரசின் ஏழு ஆசனங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1954இல் நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பின்னது 9,75,000 பேரை 5,25,000, 3,00,000, 1,50,000 என்று கூறுபோட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்தன. பகிரப்பட்டோரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. 1971இல் 11,74,000 அளவினதாய் இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,000 அளவினதாய்க் குறைந்தது. தலைமன்னாரிற் கப்பலேறி, நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போனவர்களை அங்குள்ளோர் சிலோன்காரர் என்றனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். பர்மாவின் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை ஒத்ததே: பிரித்தானியர் வருகைக்கு முற்பட்ட 1823ஐ எல்லையாக வைத்து, மூதாதையர் அதற்கு முன் வந்தவரா என்று அது கேட்டது. குடியேற்ற ஆட்சியை வெறுத்த அரசுகள் அவ்வாட்சியின் நாட்காட்டியைக் கைவிடவில்லை.

1986இலும் 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களினால் இலங்கையில் நாடற்ற நிலை படிப்படியாக நீக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. கலவரங்களுக்கும் போருக்கும் அஞ்சித் தமிழகத்து முகாம்களுக்குச் சென்ற மலையகத்தாரின் நிலை இதனாலும் முற்றாகத் தீரவில்லை.

பிரஜாவுரிமை கிடைத்ததும் அரசின் எல்லை லயத்து வாசலை எட்டிவிட்டதா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைப் படிப்போர்க்கு விடை கிடைக்கும். தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினராகவும் வந்தனர். ஆயினும், அச்சபையின் நிதியைத் தோட்டத்துப் பாதைக்கோ வசதிக்கோ செலவிட அப்பிரிவு தடையாய் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கியது. 1889இலிருந்து கணக்கிட்டால் 129 ஆண்டுகள். முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. துரைமார் போய்க் கூட்டுத்தாபனமும் கம்பெனிகளும் வந்தன. எல்லைக் கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

1840இல் முடிக்குரியதென அனுமானிக்கப்பட்ட நிலம் தோட்டக்காரர் கைக்குப் போய், 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்குத் திரும்பி, 1990களிற் கம்பெனிகளுக்குக் குத்தகையாயிற்று. 2015இலிருந்து லயத்துக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டம் நடைபெற்று வருகின்றது. பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்தில், உறுதியின்றியே வாழ்கின்றன.